பிரேக்கிங் பேட் மூன்றாம் சீசன், 10ஆவது எபிசோட்: ஈயைத் தாண்டிப் போய்விடலாமா?

கொளத்தூர் கார்த்தி:

வணக்கம் மக்களே. பிரேக்கிங் பேட் இப்போதுதான் பார்க்கிறேன். புற்றுநோய் வந்த வேதியியல் வாத்தியார் வால்டர், பழைய மாணவன் ஜெஸ்ஸியோடு சேர்ந்து போதை மருந்து தயாரிக்கிற அமெரிக்கத் தொடர். 2013லேயே முடிந்துபோன தொடர் என்பது தெரியும். அப்போது எங்கள் வீட்டு ரிமோட் அம்மா கையில் இருந்தது, என்ன செய்ய?

மூன்றாம் சீசனில் 10ஆவது எபிசோடில் வந்து நிற்கிறேன். பெயர் 'ஃபிளை'. ஏழாவதில் அந்த மொட்டைத்தலை இரட்டையர்கள் கார் பார்க்கிங்கில் வால்டரின் சகலை ஹாங்க்கை, அதுதான் அந்தப் போதைத் தடுப்பு அதிகாரியை, கொல்ல வருகிற காட்சியில் நானும் மச்சானும் தட்டில் இருந்த பரோட்டாவைத் தொடவே இல்லை. எட்டில் ஆஸ்பத்திரி. ஒன்பதில் ஜெஸ்ஸி தயாரித்த சரக்கில் தனக்கென்று கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்க ஆரம்பிக்கிறான், வால்டர் மனைவி ஸ்கைலர் ஹாங்க்கின் சிகிச்சைச் செலவுக்காகச் சூதாட்டக் கதை ஒன்றை அள்ளி விடுகிறாள். எல்லாம் சூடு பிடிக்கிற நேரம். பத்தில் என்னடா என்று பார்த்தால், லேபுக்குள் ஒரு ஈ. அதை அடிக்கிறார்கள். மறுபடியும் அடிக்கிறார்கள். வேறு ஆள் இல்லை, வேறு இடம் இல்லை. ஆரம்பமே ஈயின் காலையும் கண்ணையும் பக்கத்தில் காட்டி, மேலே ஒரு தாலாட்டு. வால்டர் மேல்தளத்துக் கம்பியிலிருந்து விழுந்த இடத்தில் மச்சான் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். நானும் நிறுத்திவிட்டேன்.

மொத்தம் 62 எபிசோடில் ரசிகர்கள் குறைவாக மதிப்பெண் போட்டது இதற்குத்தான் என்று தெரிந்தது. அதனால் கேட்கிறேன்: நேராக 11க்குப் போனால் கதை புரியாமல் போகுமா? இவ்வளவு நல்லா எழுதுகிற ஆட்கள் நடு சீசனில் ஏன் இப்படி ஒன்றை எடுத்தார்கள்?

ஒரே ஒரு கண்டிஷன். 11லிருந்து என்ன நடக்கிறது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

பெரம்பூர் லோகோ:

தம்பி, தாராளமாகத் தாண்டிப் போ. ஒன்றும் குடி முழுகாது.

நான் பிருந்தா தியேட்டரில் பெஞ்சு டிக்கெட்டில் சண்டைப் படம் பார்த்து வளர்ந்தவன். த்ரில்லர் என்றால் அடுத்து என்ன என்று பதற வேண்டும். இதில் அடுத்து என்ன? ஈ இடது பக்கம் போகும், இல்லாவிட்டால் வலது பக்கம் போகும். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் தினமும் ராத்திரி கொசு பேட்டோடு நான் கட்டிலைச் சுற்றி ஓடுகிறேன், அதை யாரும் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டவில்லையே.

கதை என்று பார்த்தால், எபிசோட் தொடங்கும்போது இரண்டு பேரும் எங்கே இருந்தார்களோ, முடியும்போதும் அங்கேயேதான் இருக்கிறார்கள். பணம் தீர்ந்துவிட்டது, அதனால் ஒரே ரூமுக்குள் எடுத்துத் தள்ளினார்கள் என்று அந்தத் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆலத்தூர் கியூசி:

நான் ஆலத்தூர் சிட்கோ பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எபிசோட் நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்துக்கு வரவில்லை. ஆனால் 'ஒரு ஈக்கு இவ்வளவு அமர்க்களமா' என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை.

எங்கள் பிளாண்டில் ஈ உள்ளே வந்தால் உண்மையிலேயே அமர்க்களம்தான். உற்பத்திப் பகுதிக்குப் போக ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள், ஒன்று மூடினால்தான் அடுத்தது திறக்கும். சுத்தம் அதிகம் தேவைப்படும் அறைகளில் காற்றழுத்தத்தை வெளியைவிடக் கூடுதலாக வைத்திருப்பார்கள். கதவைத் திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளும், வெளித் தூசி உள்ளே வராது. நுழைவாயிலில் நீல விளக்குப் பெட்டி இருக்கும், பூச்சி அதில் போய் விழும். அந்தத் தட்டில் விழுந்தவற்றை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலையும் எங்கள் தலையில்தான். திறந்த மருந்துக்குப் பக்கத்தில் ஒரு பூச்சியைப் பார்த்துவிட்டால் லைனை நிறுத்தி, சுத்தம் செய்து, எப்படி வந்தது என்று அறிக்கை எழுதி, நாலு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுபடி ஓடும். ஆக வால்டர் பயப்படுவது தொழில் தெரிந்தவனின் பயம்தான். அளவு மீறிவிட்டது என்பது வேறு விஷயம்.

நான் சிரித்தது இன்னொரு இடத்தில். ஈ வருவதற்கு முன்னால் வால்டர் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போட்ட பொருளுக்கு வந்த சரக்கு கொஞ்சம் குறைகிறது. ஜெஸ்ஸி உடனே காரணம் அடுக்குவான்: சிந்தியிருக்கும், ஆவியாகியிருக்கும், பாத்திரத்தில் ஒட்டியிருக்கும். ஐயா, இதே வரிசையில் இதே காரணங்களை நான் ஷிப்ட் ஆட்களிடம் கேட்டிருக்கிறேன்! எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் ஒட்டுகிற அளவு ஒவ்வொரு பேட்சிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். திடீரென்று கூடினால் பாத்திரத்தைப் பார்க்க மாட்டோம், ஆளைத்தான் பார்ப்போம். வால்டரும் அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஈ வந்து உட்காருகிறது, மனுஷன் அதன் பின்னால் ஓடுகிறார்.

எடிட் டேபிள்:

கார்த்தி, தாண்டிப் போகாதே. லோகோ சார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நான் சாலிகிராமத்தில் மெகா சீரியல் எடிட்டிங்கில் இருப்பவள். உங்கள் வீட்டில் அம்மா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில் சில என் கையால் வெட்டி ஒட்டியதாகக்கூட இருக்கலாம், மன்னித்துவிடு. பணம் தீர்ந்த எபிசோட் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் அந்தப் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

லோகோ சார் சொன்னது சரி. பட்ஜெட் எகிறிவிட்டது. அமெரிக்காவில் இதற்கு பாட்டில் எபிசோட் என்று பெயர், பல தொடர்களில் இப்படி எடுப்பதுண்டு. ஏற்கெனவே போட்டு வைத்த செட், கையில் இருக்கிற முக்கிய நடிகர்கள், அவ்வளவுதான். யூனிட்டை வெளியே கிளப்பினால் ஜெனரேட்டர் வண்டி, மேக்கப் வண்டி, சாப்பாடு, தெருவை மறிக்க அனுமதி, நிற்க ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்று கேமரா சுழலும் முன்பே பாதிப் பணம் போய்விடும். அந்த சீசனில் சலவை ஆலைக்கு அடியில் இருப்பதாகக் காட்டும் அந்தப் பெரிய லேப் செட் தயாராக நின்றது. அதற்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

இப்போது எங்கள் ஊர்க் கதை. ஒரு சீரியலில் கல்யாண சீக்குவென்ஸ், மண்டபம் எடுத்து, நாதஸ்வரம் வைத்து, தயாரிப்பாளர் ஆசையாகச் செலவு செய்துவிட்டார். அடுத்த வாரம் முழுக்க வளசரவாக்கத்து ஷூட்டிங் வீட்டின் ஹால்தான். ஹீரோவுக்குக் கால்ஷீட் இல்லை. ஹீரோயின் போனில் அவரோடு பேசிக்கொண்டே இருப்பாள், அந்தப் பக்கத்துக் குரல் கேட்காது. மாமியார் சோபாவில், நாத்தனார் மாடிப்படியில், யாரோ காலிங் பெல் அடிக்கிறார்கள். வாசலைத் திறப்பதற்குள் ஆளுக்கு மூன்று ரியாக்‌ஷன் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னணி இசையில் ஓர் இடி இடித்து, நானே ஒரு நிமிஷத்தை நாலு நிமிஷமாக்கியிருக்கிறேன். 2020 மே மாதம் ஊரடங்குக்கு நடுவே ஷூட்டிங்குக்கு அனுமதி வந்தபோது முதலில் 20 பேர்தான் இருக்கலாம் என்றார்கள், பிறகு 60 ஆக்கினார்கள். அந்த நாட்களில் தமிழ்ச் சீரியல் மொத்தமும் பாட்டில் எபிசோட்தான், யாரும் கொண்டாடவில்லை. ஆக ஒரே ரூமில் எடுத்ததாலேயே அது பெரிய கலை என்று நான் சொல்ல வரவில்லை.

இந்த எபிசோடில் அவர்கள் செய்தது வேறு. அறைக்குள் ஆட்களோடு சேர்த்து ஒரு ரகசியத்தையும் வைத்துப் பூட்டினார்கள். நீ இரண்டாம் சீசன் முடித்தவன், அதனால் சொல்கிறேன். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் எப்படிச் செத்தாள் என்பது வால்டருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. போதையில் மல்லாந்து கிடந்தவளுக்கு வாந்தியில் மூச்சடைத்தபோது வால்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவளைத் திருப்பிப் படுக்க வைக்கக் கை நீளவில்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டு பேரும் வேலை செய்திருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், ஆனால் போவதற்கு வேறு இடமில்லாமல் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் பேசும்படி மாட்டியதில்லை.

நீ நிறுத்திய இடத்துக்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது. மனுஷன் தூங்கி எத்தனை நாள் ஆயிற்றோ, கண் சொருகுகிறது, ஆனால் விட மாட்டேன் என்கிறார். ஜெஸ்ஸி தன் பெரியம்மா கதையைச் சொல்வான். வீட்டுக்கு அடியில் ஒரு காட்டு விலங்கு புகுந்துகொண்டது, ஆள் வைத்து அதைப் பிடித்துக்கொண்டு போன பிறகும் அது இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அந்த அம்மா அடம்பிடித்தாள், கடைசியில் பார்த்தால் புற்றுநோய் மூளைவரை போயிருந்தது. சும்மா சொல்கிற கதை இல்லை அது. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா, டாக்டரைப் பார்த்தீர்களா என்று பையன் சுற்றி வளைத்துக் கேட்கிறான். காபியில் தூக்க மாத்திரையையும் கலந்து கொடுக்கிறான். அன்பில்தான் கொடுக்கிறான், அதில் சந்தேகமே வேண்டாம். அந்த மாத்திரைதான் வால்டரின் நாக்கைத் தளர்த்துகிறது.

தான் எப்போது செத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று வால்டர் உளற ஆரம்பிப்பார். குடும்பத்துக்குப் பணம் சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் மனைவிக்கு உண்மை தெரிந்திருக்கக் கூடாது. தேடித் தேடி ஓர் இரவில் வந்து நிற்பார். டிவியில் யானைகளைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி, குழந்தை அறையில் வைத்த மானிட்டர் வழியாக ஸ்கைலர் தாலாட்டுப் பாடுவது கேட்கிறது. அந்த நிமிஷத்தோடு முடிந்திருக்கலாம், அன்றைக்கு வீட்டை விட்டே வெளியே போயிருக்கக் கூடாது என்கிறார். அது எந்த இரவு என்று யோசி. வெளியே போய் எங்கே போனார்? யார் வீட்டுக்கு? இப்போது புரிகிறதா, நீ எரிச்சல்பட்ட அந்த ஆரம்பத் தாலாட்டு யாருடைய குரல் என்று?

ஒவ்வொரு வாக்கியமும் ஜேன் செத்த அந்தப் படுக்கையறைக் கதவுப் பக்கம் ஒரு அடி நகர்கிறது. பாரில் ஒரு ஆளைச் சந்தித்தேன், அவர் ஜேனின் அப்பா என்று வேறு சொல்லிவிடுகிறார். ஜெஸ்ஸி முகத்தைப் பார். எனக்கு வாகன நிறுத்துமிடத் துப்பாக்கிச் சண்டையில்கூட இந்த அளவு வயிற்றைப் பிசையவில்லை. அங்கே தோட்டா யார் மேல் படும் என்பது மட்டும்தான் கேள்வி.

ரியன் ஜான்சன் இயக்கியது, சாம் கேட்லினும் மொய்ரா வாலி-பெக்கெட்டும் எழுதியது. இதே இயக்குநரும் மொய்ராவும்தான் கடைசி சீசனில் 'ஓசிமாண்டியாஸ்' எபிசோடைச் செய்தார்கள். ரசிகர்கள் மதிப்பெண்ணை அள்ளிக் கொட்டியது அதற்கு. கடைசியில் நிற்பதும் உச்சியில் நிற்பதும் ஒரே ஆட்கள் கைவேலை. அதில் என்ன வரும் என்று சொல்ல மாட்டேன், பயப்படாதே.

பெரம்பூர் லோகோ:

மேடம், நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் நீங்கள் சொல்கிற அந்தப் பேச்சு எபிசோடின் பின்பாதியில் ஒரு கால் மணி நேரம். அதற்காக முன்பாதி முழுக்க ஒரு பெரிய மனுஷன் துடைப்பக்கட்டையோடு ஓடுவதை நான் ஏன் பார்க்க வேண்டும்? செருப்பைக் கழற்றி அடித்து, அது விளக்கில் போய் மாட்டி, அதை எடுக்கப் போய் விழுந்து... சபா நாடகத்தில் இடைவேளைக்கு முன்னால் போடுகிற சிரிப்புக் காட்சி மாதிரி இருக்கிறது. ஒரு செட், ஒரு சோபா, பேச்சு. எனக்கு சபா நாடகம் பிடிக்கும், மயிலாப்பூருக்கு ரயில் ஏறிப் போய்ப் பார்த்தவன் நான். ஆனால் த்ரில்லர் என்று போர்டு மாட்டிவிட்டு நாடகம் போட்டால் கோபம் வராதா?

இன்னொன்று. ஈ என்றால் குற்ற உணர்ச்சி, ஈ என்றால் ஜேன், ஈ என்றால் புற்றுநோய் என்று இணையத்தில் ஆளுக்கு ஒரு விளக்கம். எல்லாவற்றையும் ஒரு ஈ தலையில் கட்டினால் அது பறக்குமா?

எடிட் டேபிள்:

சார், அந்த விளக்கங்களில் எனக்கும் நம்பிக்கை இல்லை. ஈ ஈயாகவே இருக்கட்டும். முன்பாதி நீளம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன், என் டேபிளுக்கு வந்திருந்தால் விழுகிற காட்சிக்கு முன்னால் கொஞ்சம் கத்தரி போட்டிருப்பேன். ஆனால் முழுக்க எடுத்துவிட முடியாது. அவர் அவ்வளவு ஓடிக் களைத்தால்தான் பின்னால் பேசுவார். புத்தி தெளிவாக இருக்கும் வால்டர் அந்தப் பேச்சைப் பேசவே மாட்டார், அழுத்தக்காரர்.

நாடகம் என்றீர்கள். ஏணிக் காட்சியை மட்டும் ஒரு தடவை திரும்பப் பாருங்கள், மேடையில் அதைச் செய்ய முடியாது. ஈ உயரத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஜெஸ்ஸி ஏணியின் உச்சியில், கையை மேலே நீட்டிக்கொண்டு. கீழே ஏணியைப் பிடித்திருப்பது வால்டர், மாத்திரை வேலை செய்கிற வால்டர். பிடி தளர்ந்தால் பையன் கீழே விழுவான். வாய் தளர்ந்தால் அதைவிடப் பெரிதாக விழுவான். அந்த நிலையில் அவர் ஜேனுக்காக வருத்தப்படுகிறேன் என்கிறார். இவன் பார்வை மேலே ஈயின் மேல் இருக்கிறது, அதனால் சாதாரண ஆறுதலாக எடுத்துக்கொண்டு, எனக்கும்தான் என்கிறான். அவர் விடவில்லை, இல்லை, ரொம்ப வருத்தப்படுகிறேன் என்று அழுத்துகிறார். அவ்வளவுதான், இன்னும் ஒரு வாக்கியம் வந்தால் எல்லாம் முடிந்தது. ஜெஸ்ஸியோ, உங்கள் மேல் தப்பில்லை, என் மேலும் இல்லை, யார் மேலும் இல்லை என்று அவரை மன்னிக்கிறான். எதற்காக மன்னிக்கிறோம் என்று தெரியாமலே மன்னிக்கிறான் சார்! அதற்குப் பிறகு எந்த மனுஷனால் உண்மையைச் சொல்ல முடியும்?

வால்டர் உடனே இறங்கி வா, வேலையைப் பார்ப்போம் என்கிறார். ஈ என்ன ஆவது என்று இவன் கேட்டால், எல்லாமே கெட்டுப்போய்த்தான் கிடக்கிறது என்கிறார். ராத்திரி பூரா அந்த ஒரு அசுத்தத்துக்காகப் பேயாட்டம் ஆடிய ஆள்.

ஆலத்தூர் கியூசி:

மேடம் சொன்னதற்குப் பின்குறிப்பு மாதிரி ஒன்று. கடைசியில் வாகனம் நிறுத்தும் இடத்தில் இரண்டு பேரும் பேசுவதைக் கவனியுங்கள். குறைகிற சரக்கு எங்கே போகிறது என்று வால்டருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. நேரடியாகக் குற்றம் சாட்டாமல், அப்படி ஏதாவது நடந்தால் என்னால் உன்னைக் காப்பாற்ற முடியாது என்கிறார். யார் உங்களைக் காப்பாற்றச் சொன்னது என்று இவன் முறைத்துக்கொண்டு போகிறான். எங்கள் வேலையில் இப்படித் தெரிந்தும் எழுதாமல் விடுகிற அதிகாரிகள் உண்டு. பெரும்பாலும் அந்தப் பையனைப் பிடித்திருப்பதால்தான் எழுத மாட்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் 11க்குப் போனால் வால்டர் ஏன் அடுத்தடுத்து...

சரி, நிறுத்திக்கொள்கிறேன். கண்டிஷன் ஞாபகம் இருக்கிறது.

கொளத்தூர் கார்த்தி:

கியூசி சார், வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்!

நேற்று ராத்திரி ஹெட்போன் போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன். வீட்டில் எல்லோரும் தூங்கியாகிவிட்டது. அக்கா சொன்ன ஏணிக் காட்சியில் நான் சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜெஸ்ஸி மேலே நிற்கும்போது சொல்லிடாதே, சொல்லிடாதே என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அம்மா எழுந்து வந்து யாருடா போனில் என்றாள். எனக்கே ஆச்சரியம், நான் வால்டர் பக்கம் இருந்திருக்கிறேன். ஜேன் செத்தபோது அந்த ஆளைத் திட்டித் தீர்த்தவன், இப்போது உண்மை வெளியே வரக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

இருந்தாலும் லோகோ அண்ணன் பக்கமும் நியாயம் இருக்கிறது. துடைப்பத்தோடு ஓடுகிற பகுதி இந்தத் தடவையும் இழுவைதான். ஜெஸ்ஸி வெளியே போய் ஈ ஒட்டுகிற காகிதம் வாங்கி வரும்வரை இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசியில் வால்டர் படுக்கையில் கிடந்து கூரையில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பார்க்க, அதன் மேலேயும் ஓர் ஈ வந்து உட்காருவதும் கொஞ்சம் அதிகம் என்று பட்டது. புரிந்துவிட்டது சாமி, விடுங்கள் என்று இருந்தது.

மச்சான் சனிக்கிழமை வருகிறார். முன்பாதியை ஓட்டிவிட்டு, காபியில் மாத்திரை போடும் இடத்திலிருந்து அவருக்குக் காட்டப் போகிறேன். அக்கா, இதற்குத் திட்டாதீர்கள்.

எடிட் டேபிள்:

திட்ட மாட்டேன். அந்தப் பெரியம்மா கதையை மட்டும் விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் பையன் ஏன் மாத்திரை போடுகிறான் என்று மச்சானுக்குப் புரியாது.

பெரம்பூர் லோகோ:

மச்சான் மறுபடியும் குறட்டை விட்டால் இங்கே வந்து சொல்லு தம்பி. என் ஓட்டு அவருக்குத்தான்.